படகுச் சமையலறைக்கு அடுப்பு: முதலில் சிலிண்டருக்கு இடம் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கம் 60 அடி இரும்பு விசைப்படகு ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு பேர் ஏறுவார்கள், ஒரு தடவை போனால் முப்பது முப்பத்தைந்து நாள் கடலில்தான். வீல் ஹவுசுக்குப் (படகை ஓட்டும் அறை) பின்னால் ஆறடிக்கு ஐந்தடியில் சமையலறை. வீட்டில் வைக்கும் இரண்டு பர்னர் அடுப்பே போதும் என்கிறார் மச்சான். சிலிண்டரை அடுப்பு மேடைக்கு அடியிலேயே வைத்துவிடலாம் என்கிறார் வெல்டர். என்ன அடுப்பு வாங்குவது, எப்படி மாட்டுவது?

மச்சான் சொல்வதில் பாதி சரி. வெல்டர் சொல்வது முழுக்கத் தவறு. அதனால் அடுப்பை அப்புறம் பார்க்கலாம், சிலிண்டரில் இருந்து தொடங்குகிறேன்.

வீட்டில் கேஸ் கசிந்தால் கதவைத் திறந்துவிடு, ஜன்னலைத் திற என்கிறோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை. அது மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து வாசற்படி வழியாக வெளியே போகும். படகில் வாசற்படி வழியாகப் போனாலும் அடுத்து டெக், டெக்கில் ஏதாவது ஓட்டை, ஓட்டைக்குக் கீழே எஞ்சின் ரூம். படகு என்பது பெரிய கிண்ணம். தண்ணீர் உள்ளே வராமல் கட்டியிருக்கிறோம், அதனால் உள்ளே விழுந்த கேஸும் வெளியே போக வழி கிடையாது. அடித்தட்டில் போய்த் தேங்கும். அங்கேதான் எஞ்சின் ஸ்டார்ட்டர், டைனமோ, பேட்டரி, தண்ணீர் ஏறினால் தானாக ஓடும் பில்ஜ் பம்ப்பின் சுவிட்ச் என்று பொறி பறக்கிற சாமான்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன.

எவ்வளவு கேஸ் போனால் ஆபத்து என்றும் பார்த்துவிடலாம். காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஒரு கிலோ கேஸ் ஆவியானால் ஏறக்குறைய அரை கன மீட்டர் வரும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிலோ கசிந்தால் 25 கன மீட்டர் காற்றை வெடிக்கும் கலவையாக மாற்ற முடியும். உங்கள் எஞ்சின் ரூமில் பாதிக்கு மேல் நிரம்பிவிடும். அணைந்துபோன ஒரு பர்னர் ராத்திரி முழுக்கத் திறந்திருந்தாலே ஒரு கிலோ போய்விடும்.

வாசனை வருமே என்று கேட்கலாம். கேஸுக்கு வாசனை கிடையாது, கசிவு தெரிய வேண்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். வீட்டில் அது உடனே மூக்கில் ஏறும். இருபது நாள் மீனும் டீசலும் அழுகின தூண்டில் இரையும் நாறுகிற படகில் யார் மூக்குக்கு அது தனியாகத் தெரியப் போகிறது?

ஒரு தடவை கண்ணால் பார்த்தேன். கரையில் கட்டியிருந்த படகு, பார்க்க எல்லாமே சரியாகத்தான் இருந்தது: புது அடுப்பு, புது டியூப். ராத்திரி யாரோ டீ வைத்திருக்கிறார்கள், பொங்கி வழிந்து தீ அணைந்திருக்கிறது, கவனிக்காமல் படுத்துவிட்டார்கள். விடியற்காலையில் எஞ்சின் பார்க்கிறவர் ஹேட்ச் மூடியைத் தூக்கினதும் ‘ஏதோ மாதிரி இருக்கு’ என்று ஒரு நிமிடம் நின்றார். அந்த ஒரு நிமிடம்தான் எல்லாரையும் காப்பாற்றியது. யாரும் சுவிட்சைத் தொடவில்லை. எல்லா மூடிகளையும் திறந்து போட்டு, ஆட்களைக் கரையில் இறக்கி, மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். சமையலறையில் இருந்த கேஸ் எஞ்சின் ரூமுக்கு எப்படிப் போனது என்று பிறகு தேடினோம். அடுப்பு மேடைக்குப் பின்னால், தரையோடு சேர்ந்த மூலையில், கட்டைவிரல் பருமனில் ஒரு ஓட்டை. விளக்குக்கு வயர் இழுக்க எலக்ட்ரீஷியன் போட்டது. வயர் போன பிறகு அடைக்கவில்லை. அவ்வளவுதான்.

அதனால் உங்கள் படகில் முதல் வேலை, சமையலறைத் தரையையும் சுவரின் கீழ் ஓரடியையும் டார்ச் அடித்துப் பார்ப்பது. வயர், பைப், போல்ட் போன எல்லா ஓட்டைகளையும் வெல்டிங் செய்தோ, கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கும் அடைப்பான்) போட்டோ அடைத்துவிடுங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டால் சுலபம்.

இரண்டாவது, சிலிண்டர் வெளியே போக வேண்டும். அமெரிக்காவில் ஏ.பி.ஒய்.சி. ஏ-1 என்று ஒரு தரம், மற்ற நாடுகளில் ஐ.எஸ்.ஓ. 10239. இரண்டும் சிறு படகுகளில் கேஸ் வைப்பதற்காகவே எழுதப்பட்டவை. இரண்டின் சாரமும் ஒன்றுதான்: சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஆள் புழங்கும் இடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டி மேல்பக்கம் மட்டும் திறக்க வேண்டும். அடியில் ஒரு வடிகால் குழாய் இருந்து, கசிந்த கேஸ் அதன் வழியாகத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, படகுக்கு வெளியே விழ வேண்டும். அந்தக் குழாய் நடுவில் வளைந்து தொங்கினால் மழைத் தண்ணீர் தேங்கி அடைத்துக்கொள்ளும், நேராகச் சரிவாக இறக்குங்கள்.

உங்கள் மாதிரிப் படகுக்கு நான் சொல்வது இன்னும் எளிது. வீல் ஹவுசின் பின்சுவருக்கு வெளியே, டெக்கில், பக்கவாட்டு ஓரமாக ஒரு கூண்டு. கீழ்ப்பகுதி திறந்த கம்பியாக இருக்கட்டும், மேலே வெயிலுக்கு ஒரு தகடு. கசிந்தால் கேஸ் டெக்கில் விழுந்து, தண்ணீர் ஓடும் ஓட்டை வழியாகக் கடலுக்குப் போய்விடும். ஒரே நிபந்தனை, எஞ்சின் ரூம் ஹேட்ச், காற்றுக் குழாய், மீன் கிடங்கு மூடி, ஆட்கள் படுக்கிற இடத்தின் கதவு, இவற்றில் எதுவும் மூன்றடிக்குள் இருக்கக் கூடாது. முடிந்தால் இன்னும் தள்ளியே வையுங்கள்.

வீல் ஹவுஸ் கூரைமேல் கட்டுகிறார்களே என்பீர்கள். காற்றோட்டத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 19 கிலோ சிலிண்டர் என்றால் இரும்பையும் சேர்த்துத் தூக்கும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நாலு சிலிண்டர் என்றால் இரண்டு ஆள் எடை, படகின் உச்சியில். அதோடு ஆடுகிற படகில் ஏணி வழியாக அதைத் தோளில் ஏற்றுவது யார்? ராத்திரி வால்வை மூட யார் மேலே ஏறுவார்? ஏற மாட்டார்கள். மூடாமலே விடுவார்கள். எனக்குக் கூரை பிடிக்காததற்கு முக்கியக் காரணம் அதுதான்.

சிலிண்டர் எப்போதும் நின்றபடிதான் இருக்க வேண்டும். படுத்துவிட்டால் ஆவிக்குப் பதில் திரவமே டியூப் வழியாக வரும், திரவம் ஆவியாகும்போது சுமார் 250 மடங்கு பெருகும், அடுப்பில் தீ ஆளுயரம் எழும். ஒரு பட்டை போதாது, இடுப்புக்கு ஒன்று கழுத்துக்கு ஒன்று என இரண்டு பட்டை. அடியில் ஒரு வளையம் வெல்ட் செய்து, உள்ளே பழைய ரப்பர் பாயைப் போட்டால் அடிப்பாகம் துருப்பிடிக்காது, சத்தமும் போடாது.

வீட்டுச் சிவப்பு சிலிண்டரை எடுத்துப் போகாதீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும், தொழிலுக்குப் பயன்படுத்தினால் எல்.பி.ஜி. விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை 2000-ன் படி குற்றம். நீல நிற 19 கிலோ வணிக சிலிண்டரைத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது கைப்பிடிக்குக் கீழே உள்ள தகட்டில் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ‘பி-27’ என்றால் 2027 ஏப்ரல் முதல் ஜூன் வரை, அதற்குள் சிலிண்டரை மறு சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். தேதி முடிந்ததை ஏற்றாதீர்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம்.

மச்சானின் வீட்டு அடுப்பு டீக்கும் குழம்புக்கும் ஆகும், சோற்றுக்கு ஆகாது. பன்னிரண்டு பேர் என்றால் இருபது லிட்டர் பானை, அதில் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் உலை. வீட்டுப் பெரிய பர்னர் ஏறக்குறைய 2.3 கிலோவாட், அதிலும் பாத்திரத்துக்குள் போவது அறுபது சதவீதம் சொச்சம். உலை கொதிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். அதன்பிறகு அரிசி வேக வேண்டும், குழம்பு வேறு. வலை இழுத்து முடித்து வந்தவன் அதுவரை காத்திருக்க மாட்டான்.

ஆனால் அதற்காக ஹோட்டல் பட்டறையில் உறுமுகிற ஹை பிரஷர் பர்னருக்கும் போகாதீர்கள். ஆறுக்கு ஐந்து அறையில் அது கொதிகலன். டியூபில் அழுத்தம் பல மடங்கு, ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் கொட்டுகிற கேஸ் அதிகம். தீ பாத்திரத்தைத் தாண்டிச் சுவரை நக்கும். கேன்டீன்களுக்கு விற்கிற லோ பிரஷர் அடுப்பில் 5 முதல் 6 கிலோவாட் வரை ஒரு பெரிய பர்னர், பக்கத்தில் வீட்டு அளவில் ஒரு சிறிய பர்னர், இதுதான் பன்னிரண்டு பேருக்குக் கணக்கு. உலை கொதிக்க ஆகும் நேரம் பாதியாகிவிடும்.

கேஸ் எவ்வளவு வேண்டும்? ஒரு கிலோ கேஸில் சுமார் 12.8 கிலோவாட்-மணி வெப்பம். பெரிய பர்னர் முழுத் தீயில் மணிக்கு 430 கிராம், சிறியது 180 கிராம் எடுக்கும். தினம் பெரியது இரண்டரை மணி, சிறியது மூன்று மணி எரிந்தால் 1.6 கிலோ. முப்பத்தைந்து நாளுக்கு 56 கிலோ. 19 கிலோ சிலிண்டர் மூன்று போட்டால் சரியாக வாசலில் வந்து தீரும், அதனால் நாலு. நாலாவதை முத்திரையோடு வையுங்கள். டீக் குடிப்பவர்கள் அதிகம் உள்ள படகு என்றால் அதையும் உடைக்க வேண்டி வரும், எனக்குத் தெரியும்.

கடைக்குப் போகும்போது கையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்டீல் என்று பளபளக்கிற தகட்டில் காந்தம் பட்டென்று ஒட்டினால் அது மலிவு ரகம், உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துரு வரும். 304 என்ற நல்ல ரக ஸ்டீலில் பெரும்பாலும் ஒட்டாது, மடித்த ஓரங்களில் லேசாகப் பிடிக்கலாம். பிறகு அடுப்பைத் திருப்பிப் போட்டு வயிற்றைப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. பர்னருக்குக் கேஸ் கொண்டுபோகும் குழாய் வீட்டு அடுப்புகள் பலவற்றில் அலுமினியம், மேலே உட்காருவது பித்தளை பர்னர். அலுமினியமும் பித்தளையும் உப்பு ஈரத்தில் ஒட்டி உட்கார்ந்தால் அலுமினியத்தை அது தின்றுவிடும். கொஞ்ச நாளில் வெள்ளைப் பொடி கொட்டும், பிறகு குழாயிலேயே ஓட்டை விழும், பர்னருக்குக் கீழே தீ எரியும். வார்ப்பிரும்புக் குழாயும் பித்தளை பர்னரும் உள்ள அடுப்பு கனமாக இருக்கும், அசிங்கமாகவும் இருக்கும். அதை வாங்குங்கள்.

கண்ணாடி மேல்தட்டு வேண்டவே வேண்டாம். ஆட்டோ இக்னிஷனுக்குக் காசு கொடுக்காதீர்கள், இரண்டாவது தடவை போகும்போது வேலை செய்யாது.

காசு கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் கருவி. பர்னர் பக்கத்தில் ஒரு சின்ன செம்பு விரல் நீட்டிக்கொண்டிருக்கும். தீ அதைச் சுடும்வரை அதில் இருபது முப்பது மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகும், அந்தத் துளி மின்சாரம் ஒரு காந்த வால்வைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். பேட்டரி கிடையாது, வயர் கிடையாது. தீ அணைந்தால் விரல் ஆறும், ஒரு நிமிடத்துக்குள் வால்வு மூடிக்கொள்ளும். நான் மேலே சொன்ன படகில் இது இருந்திருந்தால் அந்த ராத்திரி ஒரு டீ வீணானதோடு முடிந்திருக்கும். நம் ஊர் வீட்டு அடுப்புகளில் இது பெரும்பாலும் வருவதில்லை. கேன்டீன் அடுப்பு செய்து கொடுப்பவர்களிடம் கேட்டால் பொருத்தித் தருவார்கள். பற்றவைக்கும்போது குமிழை அழுத்தி ஏழெட்டு விநாடி பிடித்திருக்க வேண்டும். ‘இது தொல்லை’ என்று சமையல் ஆள் குச்சியைச் செருகி வைத்துவிடுவார். அவருக்கு முதலிலேயே விளக்கிச் சொல்லுங்கள்.

கேஸ் இல்லாமல் வேறு வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வில் எண்ணெய் கசிந்தாலும் கேஸ் மாதிரி அடித்தட்டில் தேங்கி வெடிக்காது, அது ஒரு பெரிய நிம்மதி. ஆனால் பன்னிரண்டு பேருக்கு அதில் பம்ப் அடித்துச் சமைக்க இன்று ஆள் கிடைக்க மாட்டார்கள், மண்ணெண்ணெய் கிடைப்பதும் கஷ்டம். டீசல் அடுப்பு கேட்க நன்றாக இருக்கும், படகில்தான் டீசல் நிறைய இருக்கிறதே. பின்லாந்தின் வாலாஸ், கனடாவின் டிக்கின்சன் போன்றவர்கள் செய்கிறார்கள். அவை குளிர்க் கடலுக்கானவை, அறையைச் சூடாக்குவதும் அங்கே ஒரு வேலை. நம் ஊர் சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் யார் நிற்பது? இண்டக்‌ஷன் வைக்கலாம் என்றால், நான் போட்ட அதே சமையல் கணக்குக்கு தினம் 14, 15 யூனிட் மின்சாரம் வேண்டும். பேட்டரியில் ஆகாது. அதற்கென்று ஜெனரேட்டர் ஓடும் படகாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். இரண்டு பேர் போகும் சின்னப் படகில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 0.1 யூனிட்தான், அங்கே இண்டக்‌ஷன் நல்ல தேர்வு.

இனி மாட்டுவது. எந்தச் சுவரில் என்பதுதான் முதல் கேள்வி. படகு முன்னும் பின்னும் ஏறி இறங்கும், ஆனால் அதைவிட அதிகமாகப் பக்கவாட்டில் உருளும். பானையில் உள்ள கொதிநீரும் பக்கவாட்டில்தான் சிந்தும். அடுப்பு இடது அல்லது வலது பக்கச் சுவரில் இருந்தால், சமைப்பவர் சரியாக அது சிந்துகிற பக்கம் நிற்கிறார், தொடையில் ஊற்றும். அடுப்பை முன்சுவரிலோ பின்சுவரிலோ வைத்தால் சிந்துவது அவருக்கு இடமும் வலமுமாகப் போகும். உங்கள் அறையில் கதவு பின்பக்கம் என்பதால் முன்சுவர். கதவுக்கு நேரே இருந்தால் காற்று தீயை அணைக்கும், ஓர் அடி தள்ளி வையுங்கள்.

பாய்மர உல்லாசப் படகுப் படங்களில் அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் அச்சாணியில் மாட்டியிருக்கும், படகு சாய்ந்தாலும் அடுப்பு நேராக நிற்கும். பாய்மரப் படகு மணிக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்தபடி ஓடும், அதற்கு அது தேவை. அந்த ஏற்பாட்டுக்கு மட்டும் அடுப்பு பக்கச் சுவரில் இருந்தாக வேண்டும். உங்கள் படகு சாய்ந்து நிற்காது, இப்படியும் அப்படியும் உருளும், பானையோ இருபது லிட்டர். அதை ஊஞ்சலில் ஏற்றினால் அதுவே தாளத்துக்கு ஆட ஆரம்பித்துவிடும். அசையாத மேடையில் போல்ட் அடித்து, பானையைப் பிடித்து நிறுத்துவதுதான் உங்களுக்கு வழி.

அதற்கு அடுப்பைச் சுற்றி எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) கம்பியில் ஒரு வேலி. உயரம் பானையின் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். அதன்மேல் குறுக்கே நகர்த்தி இறுக்குகிற இரண்டு கம்பிகள், பானையின் அளவுக்கு ஏற்றபடி இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ள. இறுக்க சிறகு நட் போடுங்கள், ஸ்பேனர் தேவைப்பட்டால் யாரும் இறுக்க மாட்டார்கள். அடுப்புக்கு முன்னால், ஒரு கை தள்ளி, இடுப்பு உயரத்தில் ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று குறுக்கே வெல்ட் செய்யுங்கள். படகு தூக்கிப் போட்டால் சமைப்பவர் அடுப்பின்மேல் விழாமல் அதில் மோதி நிற்பார்.

மேடை உயரத்துக்கு அளவுகோல் எடுக்க வேண்டாம், சமைக்கப்போகிறவரைக் கூட்டி வாருங்கள். வீட்டு மேடை உயரத்தில் இருபது லிட்டர் பானை வைத்தால் விளிம்பு மார்புக்கு வரும், சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி முழங்கையில் ஓடும். பானையை அடுப்பின்மேல் வைத்துப் பார்த்து, விளிம்பு அவர் இடுப்புக்குச் சற்று மேலே நிற்கும்படி மேடையை வெட்டுங்கள். மேடை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே மட்டும் வந்தாலும் வரட்டும்.

சுவர் இரும்பாக இருந்தாலும் உள்ளே பிளைவுட் அடித்திருப்பீர்கள். அடுப்புக்குப் பின்னும் பக்கத்திலும் பிளைவுட்டை எடுத்துவிட்டு சிமென்ட் போர்டு, அதன்மேல் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு எஸ்.எஸ். தகடு. அந்த இடைவெளிதான் வேலை செய்கிறது, தகட்டைப் பலகையோடு ஒட்டி அடித்தால் சூடு அப்படியே பின்னால் போய்ப் பலகை உள்ளுக்குள் கருகும். அடுப்புக்கு மேலே துணி காயப்போடும் கயிறு கட்ட விடாதீர்கள். கட்டுவார்கள்.

காற்றுக்கு இரண்டு திறப்பு வேண்டும், கீழே ஒன்று, கூரையில் ஒன்று, இரண்டும் மழையிலும் அலையிலும் திறந்தே இருக்கக்கூடியதாக, வாய் கீழே பார்க்க வளைந்த வாத்துக் கழுத்துக் குழாயோ மூடி போட்ட தொப்பியோ வைத்து. கதவைக் காற்றுவழியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், கடல் மோசமானால் முதலில் மூடுவது அதைத்தான். மூடிய அறையில் தீ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே கிடையாது. சமையலறையில் யாரும் படுக்கக் கூடாது, குளிர் என்று அடுப்பை எரியவிட்டுக் கதவைச் சாத்தவும் கூடாது.

குழாய். கூண்டில் இருக்கும் ரெகுலேட்டரில் இருந்து அடுப்பு வரைக்கும் 10 மி.மீ. செம்புக் குழாய், நடுவில் ஒரு ஜாயின்ட் கூட இல்லாமல் ஒரே துண்டாக. சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் புஷ், ஓரடிக்கு ஒரு கிளாம்ப். கிளாம்பும் ரப்பர் வைத்ததாக இருக்கட்டும், செம்பு இரும்பை நேராகத் தொட்டால் உப்பு ஈரத்தில் இரும்பு அரிக்கும், அதிர்வில் செம்பும் தேயும். கடைசி இரண்டடிக்கு மட்டும் கம்பி வலை உள்ள ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூப். கரையில் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். படகில் நான் இரண்டு வருடம்தான் விடுவேன். அறைக்குள் நுழைந்ததும் கை எட்டுகிற இடத்தில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு பால் வால்வு. அடுப்புக்குப் பின்னால் வைத்தால் தீப்பிடிக்கும் நேரத்தில் தீயைத் தாண்டித்தான் கையை நீட்ட வேண்டும்.

சிலிண்டரில் இருந்து ரெகுலேட்டருக்குப் போகும் பிக்டெயில் என்ற குட்டைக் குழாய்ப் பக்கம் ஒரு பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். கேஸ் எவ்வளவு மிச்சம் என்று அது காட்டாது, அதற்காக அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது கசிவைக் காட்டுவதற்கு. பர்னர் குமிழ் எல்லாவற்றையும் மூடி, கதவருகே உள்ள வால்வைத் திறந்து வைத்து, சிலிண்டரை ஒரு தடவை திறந்து, முள் ஏறியதும் மூடிவிடுங்கள். முள் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் போதும் என்கிறது அந்த ஏ-1 தரம். நான் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பேன். இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது, சோப்புத் தண்ணீர் தடவித் தேடுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை அந்த நேரம் கரைக்கு அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு தடவை கடலுக்குப் போகும் முன்பும் இந்தச் சோதனை செய்ய வேண்டும், சிலிண்டர் மாற்றிய பிறகும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், படகு எப்படியும் கரையில் நிற்கும். டியூப், வாஷர் மாற்றுவதை எல்லாம் அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் அலாரம் ஒன்று வாங்கி எஞ்சின் ரூமில், தண்ணீர் படாத, ஆனால் தாழ்வான இடத்தில் வையுங்கள். கூரையில் மாட்டினால் அது அழகுக்குத்தான். அது கத்தினால் என்ன செய்வது என்று டிரைவருக்குத் தெரிய வேண்டும்: எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, பில்ஜ் பம்ப் உள்பட. சிலிண்டரை மூடி, மூடிகளைத் திறந்து, கையால் அடிக்கும் பம்ப்பால் அடிமட்டத்தில் இருந்து இறைக்க வேண்டும். கேஸ் தண்ணீர் மாதிரி அடியில் கிடப்பதால் கைப் பம்ப் அதையும் இழுக்கும். தானாக ஓடும் பில்ஜ் பம்ப்பின் சுவிட்ச் பொறி வெளியே வராத மூடிய வகையா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தீயணைப்பானை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள், கதவுக்கு வெளியே. டிரை பவுடர் ஒன்றும், தீப் போர்வை ஒன்றும். எண்ணெய்ச் சட்டி பிடித்துக்கொண்டால் போர்வைதான், தண்ணீர் ஊற்றினால் அறை முழுக்கத் தீயாகும். கடல் கொஞ்சம் கிளம்பினாலே பொரிப்பதை நிறுத்திவிடச் சொல்லுங்கள். மீன் குழம்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். படகில் நான் பார்த்த தீக்காயங்களில் கேஸால் வந்ததைவிட எண்ணெயாலும் கஞ்சியாலும் வந்ததுதான் அதிகம். அந்த வகையில் பெரிய பிரஷர் குக்கர் ஒன்று படகுக்கென்றே செய்த மாதிரி: மூடி பூட்டிக்கொள்ளும், கவிழ்ந்தாலும் பானை மாதிரி மொத்தமாகக் கொட்டாது, கேஸும் மிச்சம். பானையில் வைத்தால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

கடலுக்கு எடுத்துப்போக ஒரு டப்பாவில்: கூடுதல் ரெகுலேட்டர் ஒன்று, ஒரு மீட்டர் டியூப், இரண்டு கிளிப், ரப்பர் வாஷர் பத்து, பர்னரின் ஜெட் (கேஸ் வரும் சின்னத் துளை) அடைத்தால் குத்த மெல்லிய பின், அந்தத் தீயணைவுக் கருவியின் செம்பு விரல் ஒன்று. எல்லாவற்றையும் கிரீஸ் தடவி பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். லைட்டர் மட்டும் மூன்று வாங்கி மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று எப்படியும் கடலில் விழும், இன்னொன்றை பீடி பற்றவைக்க யாராவது எடுத்துப் போவார்கள்.